சட்டையில் ஏறிய சித்திரம்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது நம் முன்னோர் வாக்கு. கோயிற் சுவர், அரண்மனைச் சுவர், வீட்டுக் கூடத்துச் சுவர் என்று சுவரை நம்பியே ஓவியம் நெடுங்காலம் வாழ்ந்து வந்திருக்கிறது. ஆனால் இன்று அந்த வாக்கைச் சற்றே மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. மனிதருடைய மார்பும் முதுகுமே சுவர்களாகிவிட்டன. பம்பாயின் மின்சார ரயிலிலும், டெல்லியின் மெட்ரோ ரயிலிலும், பெங்களூரின் பேருந்துகளிலும் நம் எதிரே நிற்கும் இளைஞர்களைப் பாருங்கள். ஒருவர் மார்பில் புலி பாய்கிறது. மற்றொருவர் மார்பில் ஆட்டோ ரிக்ஷா ஒன்று ஓடுகிறது. இவை யார் வரைந்த படங்கள் என்று நாம் கேட்பதில்லை. அணிந்திருப்பவரும் அநேகமாக அதை அறியார்.

இந்தக் கேள்வியை எனக்குள் எழுப்பியவள் எங்கள் அண்டை வீட்டுப் பெண். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். ஓவியக் கல்வி கற்றவள். எந்த நிறுவனத்திலும் மாதச் சம்பளத்துக்கு அமராமல், தான் வரைந்ததைத் தாளிலும் டி-ஷர்ட்டிலும் அச்சிட்டுத் தானே விற்று வாழும் சுயேச்சை ஓவியர்களுள் ஒருத்தி. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் மேல் உட்கார்ந்து, டபராவில் காப்பி ஆற்றும் காகம் ஒன்றை அவள் வரைந்தாள். பார்த்தவரெல்லாம் சிரித்தனர், சிரித்தவரெல்லாம் வாங்கினர். சில மாதங்களில் இருநூறு சட்டைகளுக்கு மேல் விற்றுப்போயின.

ஒருநாள் மாலை அவள் கையில் ஒரு சட்டையுடன் எங்கள் வீட்டுக்கு வந்தாள். நடைபாதைக் கடை ஒன்றில் வாங்கியதாம். அதே தொட்டி, அதே டபரா, அதே காகம். மூலையில் இருந்த அவள் பெயர் மட்டும் இல்லை. "மாமா, நீங்கள் சட்டங்களை மொழிபெயர்க்கிறவர்தானே? இது என் காகம். இதைத் திருட்டு என்று சட்டம் சொல்லும் அல்லவா?" என்று கேட்டாள். "திருட்டு என்று நான் சொல்லுவேன் அம்மா. சட்டம் என்ன சொல்லும் என்பதைப் படித்துவிட்டுச் சொல்கிறேன்" என்றேன். படித்தபின் எனக்கு விளங்கிய சில செய்திகளையே இங்கே கூற விரும்புகிறேன்.

முதலில், படம் பலவாகப் பெருகிய கதையைச் சிறிது பார்ப்போம். ஓர் ஓவியன் தன் இரு கைகளால் எத்தனை படங்களை வரைய இயலும்? 1828-ஆம் ஆண்டில் கும்பகோணத்தில் பிறந்து, திருவாங்கூர், இந்தூர், பரோடா ஆகிய சமஸ்தானங்களில் திவானாக விளங்கிய சர் டி. மாதவராவ், ராஜா ரவிவர்மாவுக்குக் கூறிய யோசனை இந்தக் கேள்வியிலிருந்தே பிறந்தது. படங்களை விரும்புவோர் பலர். வரையும் கைகளோ இரண்டு. ஆகவே தேர்ந்த சில படங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி வண்ண அச்சில் பதிக்கச் செய்யலாம் என்பதே அந்த யோசனை. பிற மாநிலங்களில் பிழைக்கப் போன தமிழ்நாட்டவர் வரிசையில் முன்னோடியான ஒருவர் இதை எண்ணிப் பார்த்தார் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தியாகும்.

ரவிவர்மா பிறகு இந்தியாவிலேயே அச்சகம் நிறுவினார். 1894-ஆம் ஆண்டில் பம்பாயில் அது தொடங்கியது. அந்நாளைய அச்சுமுறை கல்லச்சு முறை. நிறத்துக்கு ஒரு கல்லாகப் பல கற்களில் படத்தைப் பிரித்து வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிக்க வேண்டும். இலட்சுமியும் சரசுவதியும் அந்தக் கற்களிலிருந்து எழுந்து, குடிசைகளின் மண்சுவர்களிலும் இடம் பெற்றனர். ஆனால் அச்சகத்தின் கடன் சுமை பெருகிற்று. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அங்கே தொழில் வல்லுநராக இருந்த ஜெர்மானியர் ஷ்லைஷர் என்பவருக்கு அச்சகம் கைமாறியது. அத்துடன் பல படங்களை அச்சிடும் உரிமையும் கைமாறியது. ரவிவர்மா 1906-ஆம் ஆண்டில் காலமானார். அவர் வரைந்த இலட்சுமியோ தீப்பெட்டிகளிலும் துணிப் பொதிகளின் சீட்டுகளிலும் சாயல் சாயலாகப் பெருகிக்கொண்டே சென்றாள்.

தமிழ்நாட்டில் இதே பணியைத் தொடர்ந்தவர்களுள் தலையாயவர் கோவில்பட்டியில் வாழ்ந்த சி. கொண்டையராஜு. நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதிய கை அவருடையது. 1976-ஆம் ஆண்டில் மறையும் வரை அவரும் அவர் மாணவர்களும் வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசி அச்சகங்கள் வழியாக நாடெங்கும் சென்றன. வெளிமாநிலங்களில் குடியேறிய நம்மவர் பலர் ஊரிலிருந்து கொணர்ந்த பொருள்களுள் அந்த நாட்காட்டிப் படமும் ஒன்று. ஆண்டு முடிந்ததும் தேதித்தாளைக் கிழித்தெறிந்துவிட்டுப் படத்தைக் கண்ணாடிச் சட்டத்தில் இட்டு வணங்கினோம். அதன் அடியில் ஓவியர் கையெழுத்து ஒன்று இருந்ததை எத்தனை பேர் கவனித்தோம்?

இனி, டி-ஷர்ட்டுக்கு வருவோம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படையினர் சீருடைக்குள் அணிந்த உள்ளாடை அது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது வெளியாடையாயிற்று. பயிற்சிப் பள்ளிகளின் பெயர்களையும் சின்னங்களையும் தாங்கிற்று. 1948-ஆம் ஆண்டில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்ற டூயியின் பெயரும் அதில் அச்சேறியது. அந்தத் தேர்தலில் டூயி தோற்றார். மார்பில் எழுதும் வழக்கமோ நிலைத்தது.

அதை அச்சிட்ட முறை ஸ்கிரீன் பிரிண்டிங் எனப்படும் திரை அச்சு. சட்டமிட்ட மெல்லிய வலைத்துணியில் ஒளிபட்டால் இறுகும் பசையைப் பூசுகின்றனர். படத்தை அதன்மேல் வைத்து ஒளியைப் பாய்ச்சினால், படம் மறைத்த இடம் மட்டும் இறுகாமல் நிற்கும். அதை நீரால் கழுவிவிட்டால் படத்தின் வடிவில் மை இறங்கும் வழி கிடைக்கிறது. ரப்பர் விளிம்புள்ள கட்டையால் மையை இழுத்தால், கீழே விரித்த சட்டையில் படம் பதிகிறது. ரவிவர்மாவின் காலத்தில் நிறத்துக்கு ஒரு கல் தேவைப்பட்டதைப் போலவே, இங்கே நிறத்துக்கு ஒரு திரை வேண்டும். நான்கு நிறப் படத்துக்கு நான்கு திரைகள். பத்துச் சட்டைகள் அச்சிட்டாலும் ஆயிரம் அச்சிட்டாலும் திரை அமைக்கும் உழைப்பு ஒன்றே. ஆகவே, ஆயிரக்கணக்கில் அச்சிட முதலுள்ளவருக்கே அது கட்டுபடியாயிற்று. திருப்பூரில் இன்றும் பெருமளவு வேலை இம்முறையில்தான் நடக்கிறது.

சென்ற கால் நூற்றாண்டில் இந்நிலை மாறிற்று. கணினியில் உள்ள படத்தை நேராகத் துணியின்மேல் மைத்துளிகளாகத் தெளிக்கும் இயந்திரம் பரவியது. அதற்குக் கல்லும் வேண்டாம், திரையும் வேண்டாம். ஒரே ஒரு சட்டையைக்கூட அச்சிடலாம். வாங்குபவர் கேட்டபின் அச்சிட்டு அனுப்பினால் போதும். தாளில் அச்சிடும் ஓவியப் பிரதிக்கும் இதே வசதி வந்தது. 2000-ஆம் ஆண்டில் சிகாகோ நகரில் இரண்டு இளைஞர்கள் தொடங்கிய திரெட்லெஸ் என்னும் நிறுவனம், யார் வேண்டுமானாலும் படம் அனுப்பலாம், மக்கள் வாக்களித்துத் தேர்ந்த படத்தை அச்சிடுவோம், வரைந்தவருக்குப் பரிசு தருவோம் என்று அறிவித்து உலகெங்கும் உள்ள ஓவியர்களை ஈர்த்தது. முதலாளியின் வாசலில் காத்திராமல் ஓர் ஓவியர் தம் படத்தைக் கொண்டு உண்ண வழி பிறந்தது. ஆனால், ஒரு சட்டையை எளிதாக அச்சிட ஓவியருக்கு உதவும் அதே இயந்திரம், அந்தப் படத்தைக் களவாடுபவருக்கும் அதே எளிமையோடு உதவுகிறது அன்றோ?

படத்தை எல்லோரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று மனமுவந்து கொடுத்தவர்களும் உண்டு. நியூயார்க் மாநிலம் பொருளாதாரத்தில் தளர்ந்திருந்தபோது, அதன் விளம்பரத்துக்காக மில்ட்டன் கிளேசர் என்ற ஓவியர், 'ஐ லவ் நியூயார்க்' என்னும் சொற்களில் 'லவ்' என்பதற்குப் பதிலாக ஓர் இதயத்தை வரைந்தார். வாடகைக் காரில் செல்லும்போது, கிழிந்த உறையொன்றில் சிவப்பு வண்ணக்கட்டியால் கிறுக்கிய எண்ணம் அது. 1977-ஆம் ஆண்டில் வெளிவந்த அந்தச் சின்னம் கணக்கற்ற சட்டைகளில் அச்சாயிற்று. மாநிலத்துக்கு வருவாய் தந்தது. அதற்கு அவர் கூலி பெறவில்லை. தம் நகரத்துக்குச் செய்த கொடையாகவே கருதினார். 2020-ஆம் ஆண்டில் அவர் மறைந்தபோது அதை வரைந்தவர் அவரே என்பதை உலகம் அறிந்திருந்தது. பொருளை விட்டார், பெயர் அவரோடு நின்றது.

மற்றொன்று சே குவேராவின் முகம். 1960-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 5-ஆம் தேதி ஹவானா நகரில் அல்பெர்த்தோ கோர்தா எடுத்த புகைப்படம் அது. சே கொல்லப்பட்டபின், 1968-ஆம் ஆண்டில் அயர்லாந்து ஓவியர் ஜிம் ஃபிட்ஸ்பாட்ரிக் அதைச் சிவப்பும் கறுப்புமான படமாக வரைந்து, காசு கேளாமல் பரவவிட்டார். டி-ஷர்ட் அணியும் இளைஞர்களிடையே அந்த முகம் செல்லாத நாடில்லை. கோர்தாவும் நெடுங்காலம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் 2000-ஆம் ஆண்டில் மதுபான விளம்பரமொன்றில் அந்தப் படத்தைக் கண்டபோது, இங்கிலாந்தில் வழக்குத் தொடுத்தார். சமரசத்தில் கிடைத்த 50,000 டாலரையும் கியூபாவின் மருத்துவப் பணிக்கே கொடுத்துவிட்டார். இன்ன காரியத்துக்குக் கொடுப்பேன், இன்னதற்குக் கொடேன் என்று சொல்லும் உரிமையே அவர் கேட்டது.

இங்கேதான் நாம் ஒரு வேறுபாட்டை உணர வேண்டும். கொடுத்தல் வேறு; பறிகொடுத்தல் வேறு. அறிந்து கொடுத்தவன் வள்ளல் ஆகிறான். அறியாமல் இழந்தவனோ, தன் படத்தைத் தன் தெருவிலேயே அயலான் சரக்காகக் காண்கிறான். இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பது பெரும்பாலும் ஒரு தாள்தான்.

இனி நம் நாட்டுச் சட்டத்தைப் பார்ப்போம். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஓவியம் ஒன்றை வரைந்த அளவிலேயே உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு செய்தே தீர வேண்டும் என்பதில்லை. ஓவியரின் ஆயுட்காலம் முழுவதும், அதற்குப்பின் 60 ஆண்டுகளும் அந்த உரிமை நிற்கும். இதைக் கேட்டதும் எங்கள் அண்டை வீட்டுப் பெண்ணின் முகம் மலர்ந்தது. ஆனால், அதே சட்டத்தின் 15-ஆம் பிரிவில் சிறிய உட்பிரிவு ஒன்று இருக்கிறது. வடிவமைப்பாகப் பதிவு செய்வதற்கு உரிய ஒன்றைப் பதிவு செய்யாமல் விட்டு, அதை ஏற்றிய பொருளை உரிமையாளரோ அவர் அனுமதி பெற்றவரோ தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் படியெடுத்துவிட்டால், அந்த வடிவமைப்பில் பதிப்புரிமை அற்றுப்போகும் என்கிறது அது. அவள் அச்சிட்டு விற்றவையோ இருநூறுக்கு மேல்! படம் வெற்றி பெற்றதே உரிமைக்குப் பகையாயிற்று.

அப்படியானால் காகம் அவளுடையதே அன்று என்று ஆகிவிடுமா? அவ்வாறு இல்லை. இருக்கைகளுக்கு உறையிடும் துணியின் சித்திர வேலை பற்றிய வழக்கொன்றில், 2009-ஆம் ஆண்டில் டெல்லி உயர்நீதிமன்றம் ஒரு விளக்கம் தந்தது. ஓவியனின் மூலப்படம் வேறு. அதிலிருந்து பிறந்து, தொழில்முறையில் பொருளின்மேல் ஏற்றப்படும் வடிவமைப்பு வேறு. மூலப்படத்துக்கு முழுக் காலப் பாதுகாப்பு உண்டு; பொருளில் ஏறியதற்கோ குறுகிய பாதுகாப்பே உண்டு என்றது. 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் உச்சநீதிமன்றமும், எரிவாயு ஏற்றும் வண்டியின் வரைபடங்கள் பற்றிய வழக்கில், தூய கலைப்படைப்பா, அதிலிருந்து பிறந்து தொழில்முறைக்கு உட்பட்ட வடிவமைப்பா என்பதை ஒவ்வொரு வழக்கிலும் முதலில் ஆராய வேண்டும் என்று வழி வகுத்தது. ஆகவே, அவள் தாளில் எழுதிய காகம் அவளுடையதே. அதை ஓவியப் பிரதியாகத் தாளில் அச்சிட்டு விற்பதிலும் அவள் நிலை உறுதியானது. சட்டையில் ஏறிய காகத்தைப் பற்றித்தான் எதிர்த்தரப்பு வாதாட இடம் இருக்கிறது.

இதற்குப் பரிகாரம் முன்கூட்டியே செய்ய வேண்டியது. 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புகள் சட்டப்படி பதிவு செய்துகொண்டால் 10 ஆண்டுப் பாதுகாப்பு கிடைக்கும். மேலும் 5 ஆண்டு நீட்டிக்கலாம். விண்ணப்பங்கள் கொல்கத்தா அலுவலகத்தில் பரிசீலிக்கப்படுகின்றன. ஆனால் ஒன்றை மறக்கலாகாது. உலகத்தின் கண்ணுக்கு ஏற்கெனவே காட்டிவிட்ட வடிவமைப்பைப் புதியது என்று சட்டம் ஏற்காது. படம் முடிந்த இரவே இணையத்தில் வெளியிட்டுப் பாராட்டுப் பெறுவது இளைஞர் வழக்கம். அந்தப் பாராட்டு சில வேளைகளில் பதிவுரிமையையே விலையாகக் கேட்டுவிடும்.

ஒப்பந்தங்களைப் பற்றியும் சில சொற்கள் கூற வேண்டும். ஒருவர் காசு கொடுத்து வரையச் சொல்லிய வண்ண ஓவியத்தில், மாறாக ஒப்பந்தம் இல்லையென்றால், முதல் உரிமை வரையச் சொன்னவருக்கே போகும் என்பது 17-ஆம் பிரிவு. உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில் இருக்க வேண்டும், கையெழுத்தும் இருக்க வேண்டும் என்பது 19-ஆம் பிரிவு. எத்தனை ஆண்டுகளுக்கு என்று குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், எந்த எல்லைக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் அந்தப் பிரிவு கொள்கிறது. ஆகவே, "எக்காலத்துக்கும், எல்லா நாடுகளுக்கும்" என்ற தொடர் ஒரு தாளில் கண்ணில் பட்டால், ஓவியர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மீண்டும் ஒருமுறை படிப்பது நலம். அந்தச் சொற்களுக்கு விலை உண்டு. விலை பெறாமல் அவற்றைக் கொடுக்கலாகாது.

எல்லாவற்றையும் விற்றுவிட்ட பிறகும் ஓவியரிடம் எஞ்சி நிற்பது ஒன்று உண்டு. அதுதான் 57-ஆம் பிரிவு கூறும் தனி உரிமை. இது நான் வரைந்தது என்று கூறிக்கொள்ளவும், தம் நற்பெயருக்குக் கேடாகப் படைப்பைச் சிதைப்பதைத் தடுக்கவும் அது இடம் தருகிறது. டெல்லி விஞ்ஞான் பவனத்துச் சுவரை அணி செய்த அமர்நாத் சேகலின் வெண்கலச் சிற்பத் தொகுதி 1979-ஆம் ஆண்டில் பெயர்த்தெடுக்கப்பட்டுச் சேதமுற்றது. அவர் வழக்குத் தொடுத்தார். சிற்பத்தின் எஞ்சிய பகுதிகளை அவரிடமே திருப்பிக் கொடுக்குமாறும், 5 லட்சம் ரூபாய் ஈடு வழங்குமாறும் 2005-ஆம் ஆண்டில் டெல்லி உயர்நீதிமன்றம் மத்திய அரசுக்கு ஆணையிட்டது. அரசாங்கமேயானாலும் கலைஞனுக்கு அவன் படைப்பின்மேல் உள்ள உறவை மதிக்க வேண்டும் என்பதே இதன் பொருள்.

இவற்றையெல்லாம் நான் அந்தப் பெண்ணுக்கு எடுத்துச் சொன்னேன். நடைபாதைக் கடைக்காரரை அவள் முன்னமே கேட்டிருந்தாள். மூட்டையாக வந்த சரக்கு, எங்கிருந்து வந்தது என்று தெரியாது என்றாராம். அவரும் பிழைக்க வந்தவர். அவர்மேல் வழக்கு நடத்த அவளுக்கு மனமில்லை. "சரி மாமா, சட்டையில் போன காகம் போகட்டும். தாளில் இருக்கும் காகம் என்னுடையதுதானே?" என்று கேட்டாள். "உன்னுடையதுதான் அம்மா" என்றேன். இப்பொழுது அந்தக் காகத்தை நல்ல தாளில் அச்சிட்டு, ஒவ்வொரு பிரதியிலும் எண்ணிட்டுப் பென்சிலால் கையெழுத்திட்டு விற்கிறாள். அடுத்து ஒரு படம் வரைந்திருப்பதாகக் கேள்வி. பதிவு விண்ணப்பம் கொடுத்து முடியும் வரை அதை எவருக்கும் காட்டுவதில்லை என்று உறுதி பூண்டிருக்கிறாள். சட்டத்தை எடுத்துச் சொன்ன எனக்குமே காட்டவில்லை!

சட்டத்தால் ஆவது ஒரு பங்கு. வாங்குகிற நம்மால் ஆவது மற்றொரு பங்கு. பாடலைக் கேட்டால் பாடியவர் யார் என்கிறோம். கதையைப் படித்தால் எழுதியவர் யார் என்கிறோம். படத்தை மட்டும் பெயரில்லாப் பொருளாக வாங்கி அணிந்துவிடுகிறோம். இனி ஒரு சட்டையையோ சுவர்ப்படத்தையோ கையில் எடுக்கும்போது, அதன் மூலையைச் சற்றே பாருங்கள். அங்கே ஒரு பெயர் இருந்தால் அதைப் படியுங்கள். இல்லாவிட்டால், யார் வரைந்தது என்று கடைக்காரரைக் கேளுங்கள். அவருக்கு விடை தெரியாமல் இருக்கலாம். ஆனால் பத்துப் பேர் கேட்டால், பதினோராவது முறை சரக்கு எடுக்கும்போது அவரும் அதே கேள்வியைக் கேட்பார்.

நம் வீட்டுச் சுவரில் பழுப்பேறித் தொங்கும் அந்தப் பழைய நாட்காட்டிப் படத்திலிருந்தே இதைத் தொடங்கலாம். இன்றிரவு அதன் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, அடியில் உள்ள கையெழுத்தைப் பாருங்கள். இத்தனை ஆண்டுகள் நாம் விளக்கேற்றி வணங்கிய முகத்தை எழுதிய கையின் பெயர் அங்கே இருக்கக்கூடும்.